தினமும் ஒரு சொல்

போடியில் நான் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு அவர் குரங்கணியிலிருந்து வந்தார். எஸ்டேட்டுக்கு லோடு அடிக்கும் ஜீப்பு டிரைவர். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை, சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம். கையில் துண்டால் சுற்றிய லேப்டாப். இறந்துபோன மகளுடையது என்றார்.

அவள் அதில் லினக்ஸ் சிஸ்டம் போட்டு வைத்திருந்தாள். அது கேட்டதற்கெல்லாம் இவர் சரி சரியென்று அமுக்க, ஏதோ அப்டேட் ஆகி, அதிலிருந்து போட்டவுடன் திரை கறுத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் கட்டளை வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன். ஏலச்செடிகளுக்கு நடுவே நின்று சிரிக்கும் மகளின் படம் திரையில் வந்தது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அந்தச் சொல்லை அடிக்க வேண்டியிருக்கும் என்றேன். அதை எழுதித் தரச் சொல்லி, தானே அடித்துப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாது. தாளையும் கீபோர்டையும் மாறி மாறிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். ஒன்பது எழுத்து, ஒன்பது தடவை துடைத்தார்.

"எதுக்குண்ணே இம்புட்டுக் கஷ்டம்? இனிமே கறுக்காத மாதிரி ஒரேயடியாச் சரி பண்ணித் தர்றேன்" என்றேன்.

"வேணாம் தம்பி. தெனமும் நானே அடிச்சுக்கிறேன். அவளுக்குன்னு செய்ய எனக்கு வேற என்ன சோலி இருக்கு?"

ஐந்து நிமிட வேலைதான். செய்யாமலே மூடிக் கொடுத்தேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.