திருப்பிப் போட்ட இதயம்

மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தும்போதெல்லாம் செத்துப்போன என் மனைவியின் நெஞ்சுத் துடிப்பு காதில் கேட்கிறது. இரண்டு அடி, ஓர் இடைவெளி, பிறகு அவசர அவசரமாக மூன்று. பக்கத்தில் இருப்பவர்களிடம் சொன்னால் காது டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். சொல்வதில்லை.

சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் புரூஃப் பார்ப்பது என் வேலை. காலண்டரோ பட்டாசு லேபிளோ, என் கையெழுத்து விழாமல் எதுவும் மெஷினுக்குப் போகாது. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு சீசன் நெருக்கடியில் பள்ளிக்கூடங்களுக்கான இதயப் படம் வந்தது. நான்கு அறைகள். மேலே இரண்டும் ரத்தத்தை வாங்கிக்கொள்ள, கீழே இரண்டும் வெளியே தள்ள. உடம்பெல்லாம் சுற்றிவந்த ரத்தம் வலது பக்கம் நுழைந்து நுரையீரலுக்குப் போகும். அங்கே காற்றை வாங்கிக்கொண்டு இடது பக்கம் வந்து, மறுபடி உடம்பு முழுக்கப் பாயும். தாளின் இடது ஓரத்து அறைகளுக்கு 'வலது' என்று போட்டிருந்தது. எங்கள் தொழிலில் பிலிம் கவிழ்ந்து விழுந்தால் படம் இடவலம் மாறிவிடும். அதுதான் ஆகியிருக்கிறது என்று நினைத்தேன். படத்தைத் திருப்ப நேரமில்லை, எழுத்தை மாற்று என்று குறி போட்டுக் கொடுத்துவிட்டேன். எதிரே நிற்கிற ஆளின் வலது கை நமக்கு இடப்பக்கம் இருக்கும் என்பது இந்த மண்டையில் ஏறவில்லை.

மிஞ்சிய தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி அதைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டி, உலை கொதிக்கும்வரை படித்துக்கொண்டிருப்பாள். "இம்புட்டுக்காணு சதை, ஒரு நாளு லீவு கேக்குதா பாருங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிற என்னைக் குத்திக் காட்டுகிறாளாம்.

படம் ஒட்டிய மூன்றாம் வருடம் அவளுக்கு மூச்சிரைப்பு வந்தது. மல்லாந்து படுத்தால் இருமல். மதுரை டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் இடது பக்க வால்வு தடித்துச் சுருங்கிவிட்டது, அந்தக் கதவு சரியாகத் திறக்காததால் ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார். அவர் பேனாவை வைத்த இடம் தாளின் வலது ஓரம். அப்போதுதான் எனக்கு என் தப்பு விளங்கியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்:

"அந்த டாக்டருக்கு எடது வலது தெரியலைங்க. எடதுன்னு சொல்லிட்டு எங்கன தொட்டுக் காட்டுனாரு, பாத்தீகளா? நம்ம படத்துல அங்கன வலதுன்னுல்ல போட்டிருக்கு. இவருகிட்டயா நெஞ்சக் கொடுக்கச் சொல்லுதீக?"

"பெரிய டாக்டரு. அவருக்குத் தெரியாதா?"

"நீங்க பாத்து விட்ட படத்துல தப்பு வருமாக்கும்?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். விருதுநகர் தாண்டும்வரை நாக்கு நுனியில் நின்றது. எத்தனை பள்ளிக்கூடச் சுவரில் அந்தப் படம் தொங்குகிறதோ என்று மானம் தடுத்தது. இன்னொன்றும் உண்டு. ஆபரேஷன் என்ற சொல்லுக்கு அவளைவிட நான்தான் பயந்தேன். அவள் வேண்டாம் என்றது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கோழைப்பயல்.

ஆடியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தோம். மாத்திரையில் நாள் ஓடியது. மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டேன். ஏன் கிழித்தீக என்று கேட்டாள். கரையான் என்றேன்.

தீபாவளி கழிந்து கால் வீங்கி, ஆம்புலன்ஸில் அதே டாக்டரிடம் கொண்டுபோனோம். "அன்றைக்கே சொன்னேனே, ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்று அவர் என்னைத்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியை நகர்த்தினாள்.

"நீங்க எடது வலத மாத்திச் சொல்லிட்டீக டாக்டர். இவுக அச்சாபீஸ்ல புரூஃப் பாக்குறவுக. இவுக கண்ணுக்கு ஒரு எழுத்துத் தப்பாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். புகழ்ச்சிக்குக் கூச்சப்படுகிறேன் என்று நினைத்து, அவள் சிரித்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தாள்.