கொழும்பில் நிறுத்தாத எஞ்சின்கள்

என்னிடம் இருப்பது பிரிட்ஜிங் விசா, அகதி வழக்கு முடியும்வரை ஆஸ்திரேலியாவில் இருக்கத் தரும் தற்காலிக அனுமதி. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. அப்படிப்பட்டவன் உலகத்தைச் சுற்றத் திட்டம் போட்டேன் என்றால் சிரிப்புத்தான் வரும். கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு அது. நான் மெல்பேணில், ஸ்பிரிங்வேலில். கூடப் பறக்கும் நண்பர் சிட்னியில், லிட்கமில். சென்னைக்காரர், என்னைவிட இளையவர், ஐடி வேலை. நேரில் சந்தித்ததில்லை. நான் இலங்கைத் தமிழன் என்பது அவருக்குத் தெரியும்; இங்கே எப்படி வந்தேன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஆளுக்கொரு பழைய டிசி-6 விமானம், நான்கு புரொப்பெல்லர். சிட்னியிலிருந்து டார்வின், பிறகு சிங்கப்பூர் என்று சனிக்கிழமைக்கு ஒரு பயணம். தூரம், எரிபொருள், ஓடுபாதை நீளம் பார்ப்பது என் வேலை. யாரும் பார்க்கக்கூடிய எங்கள் இணையக் குழுப் பக்கத்தில் அறிவிப்புப் போடுவது அவர் வேலை. ஒரு சட்டமும் வைத்திருந்தோம். தரையிறங்கி, நான்கு எஞ்சினையும் நிறுத்தினால்தான் அந்தப் பயணம் முடிந்ததாகக் கணக்கு.

சிங்கப்பூருக்கு அடுத்ததாகச் சென்னை என்று எழுதி அனுப்பினேன். அவர் அதை மாற்றிவிட்டு அழைத்தார்.

"உங்க ஊரை விட்டுட்டு உலகம் சுத்துறதாண்ணா? கொழும்பு போட்டுட்டேன். ரத்மலானை ஏர்போர்ட்."

"அங்க ஓடுபாதை கட்டை, தம்பி."

"பார்த்துட்டேன். தாராளமா போதும்."

அன்பில் செய்த காரியம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் குழுப் பக்கத்தைத் திறந்தேன். என் முழுப் பெயர், என் படம், 'வரும் சனிக்கிழமை கொழும்பு' என்று கொட்டை எழுத்தில். திரும்பிப் போகப் பயம் என்பதுதான் என் வழக்கே. கொழும்புக்குப் போகும் எண்ணம் இருப்பதாக எங்கும் ஒரு வரி வரக்கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். விளையாட்டு என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்து என்னைக் கேள்வி கேட்கப்போகும் அதிகாரிக்குத் தெரியுமா? மனைவியிடம் காட்டினேன்.

"உங்களுக்கு மூளை கழண்டு போச்சோ?" என்றாள். பிறகு அழுதாள்.

நண்பரை அழைத்து, "என்ர பேரை எடுங்கோ" என்றேன்.

"விளையாட்டுதானேண்ணா?"

"நான் படகில வந்தனான், தம்பி. கேஸ் இன்னும் முடியேல்ல."

அவர் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பெயரும் படமும் போய்விட்டன.

"சாரிண்ணா. சென்னைக்கே போலாம்" என்றார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. நான் வாழ்க்கையில் ஏறிய ஒரே விமானம், படகில் வந்த எங்களைப் பிடித்து வைத்திருந்த தீவிலிருந்து தடுப்பு முகாமுக்குக் கொண்டுவந்தது. பக்கத்து இருக்கையில் காவலர். இப்போது பொம்மை விமானத்துக்கும் பயப்படுவதா?

"கொழும்பு இருக்கட்டும்" என்றேன்.

சனிக்கிழமை காலை சிங்கப்பூரிலிருந்து கிளம்பினோம். பல மணி நேரம் வெறும் கடல். படகில் கிடந்தபோது பார்த்த அதே கடல் என்று நினைக்காமல் இருக்க, எரிபொருள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பகலில் தென்னைமரக் கரை திரையில் எழும்பியது. மனைவி சமையலை விட்டுவிட்டு வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாள்.

ஒரு குலுக்கலுடன் இறங்கி, நிறுத்துமிடத்துக்கு ஓட்டிப்போனேன். நண்பர் முன்பே வந்து பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய புரொப்பெல்லர்கள் ஓய்ந்திருந்தன.

"எஞ்சினை ஆஃப் பண்ணுங்கண்ணா. அப்பதான் கணக்கு" என்றார் ஒலிபெருக்கியில்.

மனைவி என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"நிப்பாட்டாதேங்கோ."

அவள் சொன்னது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். நான் விசையில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. என் நான்கு எஞ்சின்களும் இரைந்துகொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து விமானத்தின் புரொப்பெல்லர்கள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின.

"கிளம்பலாம்ணா" என்றார் நண்பர். "நீங்க முன்னாடி போங்க."