பாய் கடையில் தங்கிப்போன மாவு

உறையூரில் வீட்டின் பின்பக்கம் கிரைண்டர் போட்டு, இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். இந்தத் தொழிலில் அரைப்பது பெரிய காரியமில்லை. நாளைக்கு எவ்வளவு அரைக்கணும் என்று இன்றைக்கே தெரிவதுதான் பெரிய காரியம். கூடிப்போனால் புளித்துக் கொட்டணும். குறைந்துபோனால் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், அப்புறம் திரும்பமாட்டார். இதை எனக்குச் சொல்ல வேண்டியவர்கள் கடைக்காரர்கள்தான். ஸ்ரீரங்கத்தில் கடை வைத்திருக்கும் மாமி, "நாளைக்கு ஏகாதசிடீம்மா, பாதி ஆத்துல அரிசியே தொடமாட்டா, கொறச்சுப் போடு" என்று முந்தின நாளே போன் செய்துவிடுவார்.

முதன்முதலாக என் மாவை வாங்கிக் கடையில் வைத்தவர் பீமநகரில் மளிகைக் கடை நடத்திய பாய். சாயங்காலமானால் நான் கூப்பிடுவேன். "மிச்சம் எத்தனை பாய்?" என்றால் வெறும் எண்ணிக்கையாகச் சொல்லமாட்டார். விற்காத பாக்கெட்டெல்லாம் அவருக்கு விருந்தாளி. "இன்னிக்கு ரெண்டு பேரு தங்கிட்டாங்க தங்கச்சி, மத்தவங்க கெளம்பிட்டாங்க" என்பார். மாவு புளித்திருந்தால், "ஒருத்தர் கோவிச்சுக்கிட்டாரும்மா, மூஞ்சி உப்பிப்போச்சு" என்பார். கூடவே தெருச் சமாச்சாரமும் வரும். எந்த வீட்டுக்கு துபாயிலிருந்து ஆள் வருகிறது, நோன்பில் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு யார் யார் தோசை சுடுவார்கள், எல்லாம். அதைக் கேட்டுத்தான் நான் அரிசி ஊறப்போடுவேன்.

பிறகு அவர் தெருமுனையில் பெரிய கடை ஒன்று வந்தது. ஏசி, கண்ணாடிக் கதவு, போனில் சொன்னால் வீட்டுக்கே சாமான்.

"வியாபாரம் எப்படி பாய்?"

"அது பாட்டுக்கு அது, நம்ம பாட்டுக்கு நாம."

"மிச்சம்?"

"எல்லாரும் கெளம்பிட்டாங்க தங்கச்சி!"

தினமும் இதே பதில். எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப இன்னும் கொஞ்சம் சேத்து அனுப்பவா?" என்றேன். "அனுப்புங்களேன்" என்றார். அந்தத் தைரியத்தில்தான் பெரிய கிரைண்டர் வாங்கினேன். அதற்குப் பூ வைத்து, பாயையும் நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியையும் அழைத்தேன். பாய்தான் சுவிட்சைப் போட்டார். அது போட்ட இரைச்சலில், "மாவு அரைக்கவா வாங்குனீங்க, இல்ல ஏர்போர்ட்டுக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஒரு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பும்போது, பின்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க வீட்ல தெனம் தோசதான். பாய் கடையில சாயங்காலம் போனா மாவு சும்மாவே குடுக்குறாரு."

"சும்மாவா? எந்தக் கடடி?"

"பீமநகர்ல, அந்தப் பெரிய கடைக்கு இந்தாண்ட. பாவம், யாரும் வாங்குறதில்ல. எதிர்வீட்டு நாய்க்கே தோசதான்னா பாத்துக்க."

"குடுத்துவச்ச நாயி!"

அவர்கள் சிரித்தார்கள். என் கையிலிருந்த டிக்கெட் வியர்வையில் கசங்கிப்போயிருந்தது.

நேரே கடைக்குப் போனேன். எப்போதும் என் ஆட்கள்தான் மாவு கொண்டுபோய்ப் போடுவார்கள். நான் போய் நாளாகியிருந்தது. சோப்பு, பிஸ்கட் எல்லாம் முன்வரிசையில் மட்டும் நெருக்கமாக அடுக்கியிருந்தார். பின்னால் வெறும் பலகை.

"ஏன் பாய் சொல்லல?"

அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அக்காதான் பதில் சொன்னார்: "நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்மா. கேட்டாத்தானே இந்த மனுஷன்."

பாய் நிமிராமலே சொன்னார்: "பூ வச்சுக் கூப்புட்டீங்களே தங்கச்சி. அதுக்கப்புறம், உங்க மாவு போகலன்னு எந்த வாயால சொல்றது?"

"அதுக்காக என் மாவ வாங்கி ஊருக்குத் தானம் பண்ணுவீங்களா? உங்க கடை போயிட்டிருக்கு பாய்! இனிமே நெசத்த மட்டும் சொல்லுங்க. தங்குனத நான் எடுத்துக்கறேன்."

"சரிம்மா."

அதன்பிறகு பாய் பொய் சொல்லவில்லை. "ஆறு பேரு தங்கிட்டாங்க." மறுநாள் ஆறைக் குறைத்து அனுப்பினேன். மற்ற கடைகளிலும், தங்கியது என் பொறுப்பு, கணக்கை மட்டும் மறைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியதும் கொட்டுகிற மாவு குறைந்தது, அன்றன்று அரைத்தது அன்றன்று போனது. என் தொழில் நிமிர்ந்தது அந்தச் சாயங்காலங்களில்தான். பாய் கடை சாய்வதையும் அதே போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். குறைக்கக் குறைக்க, அதிலும் இரண்டு தங்கும். சொல்லும்போது அவர் குரல் கலகலப்பாகத்தான் இருக்கும். போனை வைத்தபின் எனக்குத்தான் அரிசியை அளக்கக் கை வராது.

கடைசியில் ஒரு நாள், "நாளைக்கு யாரையும் அனுப்பாதீங்க தங்கச்சி. கடைய எடுக்குறோம்" என்றார்.

சென்னையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அக்கா போன் செய்தார். "சாயங்காலமானா போன மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருக்காரும்மா. மகளும் மருமகனும் வேலைக்குப் போயிடறாங்க, பேச ஆளில்ல. சும்மா ஒரு வார்த்தை கூப்புடேன்."

கூப்பிட்டேன்.

"ஸ்ரீரங்கத்துல எத்தனை பேரு தங்கிட்டாங்க?" எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டார்.

"மூணு பேரு பாய்."

"தில்லை நகர்ல?"

"எல்லாரும் கெளம்பிட்டாங்க."

"பேஷ்." பிறகு, கடையில் இருந்த காலத்துக் குரலில் அவசரமாகச் சொன்னார்: "இங்க மழை கொட்டுது தங்கச்சி. மழைன்னா சனம் வெளிய வராது. நாளைக்குக் கொறச்சு ஊறப்போடுங்க."

வாசலில் திருச்சியின் சாயங்கால வெயில் கண்ணைக் கூசிற்று. கொடியில் போட்ட துணி அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. அடுப்படியில் மறுநாளைக்கான அரிசி, முழு அளவும், ஊறிக்கொண்டிருந்தது.

"சரிங்க பாய்," என்றேன், "கொறச்சிடறேன்."