அடிக்காத போனுக்குப் பச்சை

மருந்தாளுநர் சங்கத்தின் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஒரு பகுதி, அவள் வீட்டு ஃபிரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருந்தது. சின்னக் கறுப்பு போன். மருந்து கொடுப்பதில் தவறு நேர்ந்து, யாரிடம் சொல்வது என்று தவிக்கும் உறுப்பினர் பேர் சொல்லாமல் கூப்பிடலாம். எண்ணை எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. போனுக்குப் பொறுப்பாக அவளைப் போட்டாயிற்று. அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

“அம்மாவோட பேய் போன்” என்பாள் மகள்.

அவளைப் பொறுப்பில் போட்டதற்குக் காரணம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் மருந்து கொடுக்கும் ஜன்னலில் பாதி ஆயுளைக் கழித்தவள். எந்த மாத்திரை அட்டையையும் இரண்டு தரம் பார்க்காமல் நீட்டமாட்டாள். வேலையிடத்தில் அவளுக்கு ‘ரெண்டுதரம்’ என்றே பேர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். புருஷன் தலையில் அடித்துக்கொள்வார்.

சங்கத் தலைவருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு: பச்சை. திட்டத்தின் முன்னேற்ற அட்டவணையில் முடிந்த வேலைக்குப் பச்சை, இழுபறிக்கு மஞ்சள், நின்றுபோனதற்குச் சிவப்பு. சிவப்பைக் கண்டாலே அவருக்கு முகம் சுண்டிவிடும்.

“ஒரு போன்கூட வரலைன்னா என்ன அர்த்தம்? நம்ம ஆளுங்க யாரும் தப்பு பண்ணலைன்னு அர்த்தம். பச்சை போடும்மா” என்றார் அவர், பொதுக்கூட்டத்துக்கு முந்தைய வாரம்.

அப்படி இருக்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் தலையாட்டினாள். அது அடித்தால் என்ன செய்வோம் என்ற பயம் அவளுக்கே இருந்தது.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கை நின்றது. வேலை முடிந்து கிளம்பும்போது அடுக்கைச் சரிபார்த்ததில், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையில் ஒரு மில்லிகிராம் அட்டை ஒன்று கூடுதலாக இருந்தது. பஸ் போய்விடும் என்ற அவசரத்தில், எண்ணுவதில் பிசகியிருப்போம் என்று வந்துவிட்டாள். பிசகவில்லை. ஐந்து மில்லிகிராமில் ஒன்று குறைந்திருக்கும். அது போனது மத்தியானம் கைத்தடியோடு வந்த பெரியவருக்கு. பின்னால் வரிசையில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு தரம், ஒரே தரம் பார்த்து நீட்டியிருக்கிறாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள் என்று அவளே சொல்லி அனுப்பியிருந்தாள். ஐந்து மடங்கு. வயசான உடம்பு. உள்ளுக்குள் ரத்தம் கசிந்தால் வெளியே தெரியாது.

ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டால் பதிவாகிவிடும். வேலை போகும், உரிமம் போகும். கூப்பிடாவிட்டால்? ஒருவேளை அட்டை சரியாகவே இருந்தால்? சும்மா ஊரைக் கூட்டி நம்மை நாமே காட்டிக்கொடுப்பானேன்? தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. கை தானாகத் தன் செல்போனில் சங்கத்தின் அந்த உதவி எண்ணை அழுத்தியது.

கீழே, ஃபிரிட்ஜின் மேல், பேய் போன் முதன்முறையாக அடித்தது.

எடுத்தவர் அவள் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பழகிய குரல். போனின் முதுகில் அவள் ஒட்டியிருந்த துண்டுத்தாளை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

“வணக்கம். பேர் சொல்ல வேண்டாம். இந்த நிமிஷம் யாருக்காவது ஆபத்து இருக்கா? அதை மட்டும் முதல்ல சொல்லுங்க.”

அவளே எழுதிய கேள்வி.

“லைன்ல இருக்கீங்களா? பதறாதீங்க. மூச்சை இழுத்து விடுங்க.”

“இருக்கு,” என்றாள். “ஒருத்தருக்கு ஆபத்து இருக்கு.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்ட சத்தம் கேட்டது. குரலைக் கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்தது. ஆனால் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரியைப் படித்தார்.

“அப்ப உடனே அவங்களுக்குச் சொல்லுங்க. உங்களைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.” தாளில் இல்லாததையும் சேர்த்தார். “நான் மேல வர்றேன்.”

ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு எண் வாங்கி, பெரியவர் வீட்டுக்கு அவள் போட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். புருஷன் வந்து பக்கத்தில் நின்றது அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

“ஆஸ்பத்திரியா? நல்லவேளைங்க. மாத்திரை கலர் வேற, போடமாட்டேன்னு அப்பா அடம் பிடிக்கிறார். நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா கேக்கமாட்டார்.”

“அவர் சொல்றதுதான் சரிம்மா,” என்றாள் அவள். “போடக்கூடாது. தப்பு என்னோடது.”

மறுநாள் காலையில் தலைமை மருந்தாளுநரிடம் அவளே போய்ச் சொன்னாள். விசாரணை என்றார்கள். இன்னும் முடியவில்லை.

பொதுக்கூட்டத்தன்று அரங்கில் பாதி பேர் டீக் கோப்பையோடு இருந்தார்கள். தலைவர் திரையில் பச்சைக் கட்டத்தைக் காட்டினார்.

“உதவித் தொலைபேசி. வந்த அழைப்பு ஒண்ணுமில்ல. நம்ம தரத்துக்கு இதுக்கு மேல சாட்சி வேணுமா?”

கைதட்டினார்கள். அவள் கையைத் தூக்கினாள்.

“ஒரு போன் வந்துதுங்க.”

“வந்துதா? யாரு?”

“பேர் கேக்கக் கூடாதுன்னு திட்டத்துல நீங்கதானே எழுதினீங்க?”

அரங்கு சிரித்தது. தலைவரும் சிரித்து வைத்தார். “ராங் நம்பரா இருக்கும்மா. பச்சையே இருக்கட்டும்.”

இத்தோடு உட்கார்ந்துவிடலாம். விசாரணை நடப்பது இங்கே யாருக்கும் தெரியாது. அவள் உட்காரவில்லை.

“ராங் நம்பர் இல்ல. நான்தான் கூப்பிட்டேன். ஒண்ணு கொடுக்கிற இடத்துல அஞ்சு கொடுத்துட்டேன்.”

கோப்பைகள் அப்படியே நின்றன. “ரெண்டுதரமா?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். முன்வரிசையில் ஒருவர் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, சட்டென்று தரையைப் பார்த்தார். தலைவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இனி என்ன மிச்சம், போச்சு எல்லாம் என்று நினைத்து உட்கார்ந்தாள்.

கூட்டம் அடுத்த இலக்குக்குத் தாவியது. பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ எழுந்து வாசல் வழியாக வெளியே போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மடியிலிருந்த பை அதிர்ந்தது.

உள்ளே பேய் போன். போனை எடுத்துக்கொண்டு, வாசல் பக்கம் போகாமல், எதிர்ப்பக்கத்து மாடிப்படிக்கு நடந்தாள்.

“வணக்கம்,” என்றாள். “பேர் சொல்ல வேண்டாம்.”