கலிங்கு பார்க்கப் போன தையற்காரர்

கந்தர்வக்கோட்டைக் கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்த உடையப்பனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலை பாக்குகூடக் கிடையாது. தண்ணீர் விழுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். புதுக்கோட்டைச் சீமையில் அருவிக்கு எங்கே போவது? குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கரையின் ஓரத்தில் கல்லால் கட்டி வைத்திருக்கிறார்களே கலிங்கு, அதுதான் நமக்கு வாய்த்த அருவி. ஆள் உயரம் விழுந்தாலே அதிகம். அந்த ஆள் உயரத்தைப் பார்க்க மனிதர் ஏழு மைல் நடப்பார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வாரம் திருவரங்குளத்துப் பக்கம், ஒரு வாரம் குன்றாண்டார்கோவில் பக்கம். முந்திரிக் காட்டுக்குள் ஈரச் செம்மண்ணில் ஒற்றையடிப் பாதை போகும். கலிங்குச் சத்தம் தூரத்திலேயே கேட்டுவிடும். கேட்டதும் அவர் நடை மெதுவாகிவிடும். சீக்கிரம் போய்ப் பார்த்துவிட்டால் சீக்கிரம் தீர்ந்துபோகுமே என்ற கவலை. எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அப்படியே நின்றுவிடும். அவரும் கரையும் பனைமரங்களும் மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருப்பார்கள். அந்தக் கிறக்கத்துக்காகத்தான் அவ்வளவு நடையும்.

"சாமி கும்புடப் போறவுககூட இம்புட்டுத் தூரம் நடக்க மாட்டாக" என்பாள் அவர் மனைவி செவந்தி. சொல்லிக்கொண்டே கட்டுச்சோறும் கட்டிக் கொடுப்பாள். அவள் நல்ல மனுஷி.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் மழை இரண்டு வாரம் விடாமல் கொட்டியது. சுற்றுவட்டாரத்துக் கலிங்கெல்லாம் பாய்ந்தன. என்ன பிரயோசனம்? அது தீபாவளித் தையல் நேரம். வெட்டின துணியும் வெட்டாத துணியும் அவரைச் சுற்றி அம்பாரமாகக் கிடந்தன. பஸ்ஸில் வந்து இறங்குகிறவன் ஒவ்வொருவனும், "காரைக்குளம் கலிங்கு பாயிது, அங்கிட்டு ரோட்டுக்கே சத்தம் கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போவான். உடையப்பன் பெடலை மிதித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். தீபாவளி முடிந்து நிமிர்ந்தபோது வானம் வெளுத்துவிட்டது. கார்த்திகையில் ஒரு தூறல்கூட இல்லை. மூன்று ஞாயிறு நடந்தார். எந்தக் கலிங்கிலும் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. வருஷமே வீணாய்ப் போனதாக அவருக்குப் பட்டது.

நாலாவது ஞாயிறு காரைக்குளத்துக்குப் போனார். குளம் தளும்பத் தளும்ப நின்றது, ஆனால் கலிங்கு காய்ந்து கிடந்தது. காரணம் பார்த்ததுமே தெரிந்தது. கலிங்கின் மேல் இடுப்பளவுக் கருங்கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். மழை இனி வராது என்று தெரிந்தால், ஊர்க்காரர்கள் அந்தக் கற்களுக்கு நடுவே வைக்கோல் புரியும் களிமண்ணும் திணித்து அடைத்து, இன்னும் ஒன்றரை அடித் தண்ணீரைத் தேக்கிக்கொள்வார்கள். அந்த ஒன்றரை அடிதான் தை மாதம் வரை சம்பா நெல்லைக் காப்பாற்றும். இது உடையப்பனுக்கும் தெரியும். குடியானவன் வீட்டில் பிறந்தவர்தானே.

தெரிந்தும் செய்தார். உச்சி வெயில். கரையின் வால் பக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. ஒரு விரல் அளவு, ஒரு நிமிஷம், பிறகு அடைத்துவிடலாம் என்று நினைத்துக் குடையின் கம்பி முனையால் ஓர் அடைப்பில் குத்தினார்.

முதலில் ஒரு சொட்டு. பிறகு இழை இழையாகக் கசிந்தது. அப்புறம் வெயிலில் பளபளத்துக்கொண்டு பட்டையாக இறங்கிற்று. உடையப்பன் கீழே இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தார். தண்ணீர் நின்றது, அவர் மேலே போனார். எவ்வளவு நேரமோ தெரியாது.

களிமண் பொத்தென்று விழுந்த சத்தத்தில்தான் நினைவு வந்தது. அடைப்பு முழுவதும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளி வைத்தார். வைக்க வைக்கக் கரைந்தது. பக்கத்து அடைப்பும் இளக ஆரம்பித்தது. கூப்பிட்டுப் பார்த்தார், காற்றுதான் கேட்டது. வேறு வழி தெரியாமல் அந்த இடைவெளியிலேயே முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, இரு பக்கக் கல்லையும் இறுகப் பிடித்துக்கொண்டார். குளத்துத் தண்ணீர் முழுவதும் அவர் முதுகில் சாய்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்து ஆடு மேய்த்துக்கொண்டு வந்த மூக்காயி பார்த்தாள். "ஆத்தாடி!" என்று ஊரை நோக்கி ஓடினாள். ஊருக்கு நீர் பங்கிடுகிற பெரியண்ணன் ஆட்களோடு வந்தார். வைக்கோலும் களிமண்ணும் கொண்டு அடைத்துவிட்டு, விறைத்துப்போன உடையப்பனைத் தூக்கி உட்காரவைத்தார்கள்.

"யாரு பெத்த புள்ளையோ, நம்ம வெள்ளாமையக் காப்பாத்திட்டீகளே!" என்று பெரியண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு அழைத்துப் போய்ப் புது வேட்டி கொடுத்தார். சுடச்சுடக் கருப்பட்டிக் காப்பி வந்தது. பெண்கள் எட்டி நின்று கும்பிட்டார்கள். உடையப்பன் வாயே திறக்கவில்லை. திறக்காமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். சும்மா இருந்தால் சாமியாகவே ஊர் திரும்பலாம்.

அப்போது ஒருவன் கத்தினான். "இது மேலப்பட்டிக்காரன் வேல. தண்ணி ஏறுனா அவன் வயலு முங்குதுல்ல! அந்த ஊருச் சேவுகன் காலையில கரை மேல நடந்து போனத நான் பாத்தேன்."

"எடுங்கடா கம்ப!"

பத்துப் பதினைந்து பேர் கம்போடு வாசலில் கூடிவிட்டார்கள். முகம் தெரியாத அந்தச் சேவுகனின் மண்டை உடைபடப் போகிறது என்று உடையப்பனுக்குப் புரிந்தது. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"போகாதீங்க. நான்தாங்க குத்துனேன்."

ஒருவரும் நம்பவில்லை. "பெரிய மனசுங்க ஒங்களுக்கு. சண்டை வரக் கூடாதுன்னு சொல்றீக" என்றார் பெரியண்ணன்.

"இல்லீங்க. தண்ணி விழறதப் பாக்கணும்னு ஆசை. இந்த வருஷம் பாக்கவே இல்ல. அதான் குத்துனேன்."

கூட்டம் சிரித்தது. தண்ணீரைப் பார்ப்பதற்காக எவனாவது அடைப்பைப் பிடுங்குவானா? உடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. குற்றம் செய்தவனைக் கள்ளன் என்று சொல்லவும் ஆளில்லையென்றால் அவன் என்னதான் செய்வான்! ஓடிப்போய், திண்ணையில் யாரோ கொண்டுவந்து சாத்தியிருந்த தன் குடையை எடுத்து வந்து பெரியண்ணன் முன்னால் நீட்டினார். கம்பியின் முனையில் காயாத களிமண்ணோடு வைக்கோல் புரி சுற்றிக் கிடந்தது.

சிரிப்பு நின்றது. ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். உடையப்பன் தடுக்கவில்லை. பெரியண்ணன்தான் விலக்கிவிட்டார். "ஒடைச்சவனும் நீதான், ஒக்காந்து காத்தவனும் நீதான். ஒன்னய என்னய்யா செய்யிறது? வருஷா வருஷம் கலிங்கு அடைக்கிற அன்னிக்கு வந்து களிமண் சொமந்துட்டுப் போ." உடையப்பன் தலையாட்டினார். பிறகு ஒரு வருஷம்கூடத் தவறாமல் அவர் சுமக்கவும் செய்தார், அது வேறு விஷயம்.

அன்று சாயங்காலம் பஸ் ரோடு வரை பெரியண்ணன் கூடவே நடந்து வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று உடையப்பன் தலை குனிந்தே நடந்தார். ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றார்கள். பெரியண்ணன் அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"எப்பிடி இருந்துச்சு?"

"என்னதுங்க?"

"தண்ணி விழுந்தது. பாத்தேல்ல?"

உடையப்பனுடைய வெட்கமெல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது. "நல்லா இருந்துச்சுங்க" என்றார், குற்றவாளி போல.

"எனக்கு அறுபது வயசாச்சு. அடைச்சாச்சுன்னா அது விழுகாது. வெள்ளம் வந்து பாஞ்ச வருஷமெல்லாம் கரை ஒடைஞ்சிருமோன்னு மம்பட்டியும் கையுமா மடைக்கும் கரைக்கும் ஓடிக்கிட்டே இருந்திருக்கேன். ஒரு நாளுகூட நின்னு பாத்ததில்லய்யா." துண்டை உதறி விரித்துப் புளியமரத்தின் வேரில் உட்கார்ந்தார். "சொல்லு, மொதல்லேருந்து."

உடையப்பனும் பக்கத்தில் உட்கார்ந்தார். "மொதல்ல நூலாத்தாங்க வந்துச்சு. நெறமே இல்ல. அப்பறம் ஒண்ணோட ஒண்ணு சேந்து, வெள்ளை மல்லுத் துணிய ஒதறிப் பிடிச்சாப்ல..."

கந்தர்வக்கோட்டை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தரம் விசில் ஊதிப் பார்த்துவிட்டு வண்டியை விடச் சொன்னான்.

"ம்" என்றார் பெரியண்ணன். "அப்பறம்?"