ஷீலாவின் பேண்ட் எந்த நாடு?

1

மாலை நாலு பத்துக்குத்தான் அது ஆரம்பித்தது.

ஆம்பூரில் தோல் ஏற்றுமதியாளர்களின் பொது அலுவலகத்தில் நான் டாக்குமென்டேஷன் கிளார்க். ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், சரக்கு எந்த நாட்டுடையது என்ற சான்று எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். வெளிநாட்டு பையர்கள் தோல் வாங்க வரும் சீசனில் ஒரு கலை நிகழ்ச்சியும், அதில் பேண்ட் போட்டியும் உண்டு. அதை நடத்துவதும் என் பொறுப்பு. போட்டி இந்தியக் குழுக்களுக்கு மட்டும். ஃபாரின் குழு வந்தால் மரியாதைக்கு இரண்டு பாட்டு வாசிக்கலாம், பரிசு கிடையாது. அந்த வருடப் பரிசு, சென்னை ஸ்டுடியோவில் ஒரு கேசட் பதிவு.

மேடையில் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ராணிப்பேட்டை கெமிக்கல் கம்பெனி பேண்டின் மேனேஜர் தாமோதரன் நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா மேடம், அந்த வேலூர் பேண்டுல நாலு பேர்ல மூணு பேரு வெளிநாடு. அத எப்டி போட்டியில சேத்தீங்க?"

அவர் சொன்னது உண்மை. டிரம்ஸ் வாசிக்கும் ரூடி ஜெர்மன்காரர், தோல் பதனிடும் டேனரிகளில் மெஷின் பூட்டிக்கொடுக்க வந்தவர். கிடார் யோங், மலேசியா, வேலூரில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார். பேஸ் கிடார் கிர்ஸ்டன், டென்மார்க்கிலிருந்து வந்த நர்ஸ். நாலாவது, கீபோர்டு வாசித்துப் பாடுகிற ஷீலா. வேலூர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். என் மகள்.

"யோங் நம்ம பக்கம் மாதிரிதான் சார், மலேசியா," என்றேன்.

"மலேசியா இன்னா, மாதனூர் பக்கத்துலயா கீது?"

அவருடைய பையன்கள் சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு பாடுது. அதான் ரூல் வளையுது."

2

ஏற்றுமதியாளர்களின் தலைவர் கரீம் பாயிடம் போனேன். தாமோதரனும் பின்னாலேயே வந்தார்.

"பாய், இதுல என் பொண்ணு இருக்கு. நான் முடிவு பண்ணக் கூடாது. நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா மட்டும்? ரூடி என் டேனரிலதான் வேல பாக்கறான். தோஸ்த்துக்காகச் சொன்னேன்பாங்க," என்றார் பாய். "ரூத்தம்மா, தினமும் ஒரு ரூல் வச்சுதான சரக்குக்கு நாடு எழுதறீங்க? அதையே இவருக்கும் சொல்லுங்க."

அது போதும் எனக்கு. தாமோதரன் பக்கம் திரும்பினேன்.

"சார், பச்சைத்தோல் எங்கேருந்து வருது?"

"கல்கத்தா, கான்பூர். ஆப்பிரிக்கா சரக்கு கூட வருது."

"இங்க பதனிட்டு கப்பல் ஏறும்போது?"

"இண்டியன் லெதர்." சொன்ன பிறகுதான் நான் எங்கே போகிறேன் என்பது அவருக்குப் பிடிபட்டது.

"மாடு எங்க பொறந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. இவங்க நாலு பேரும் சேந்தது, பாட்டு போட்டது, ஒத்திகை பாத்தது எல்லாம் பாயோட பழைய கோடவுன்ல. அங்க வர்றதுக்கு முன்னாடி இது பேண்டே இல்ல சார். நாலு பச்சைத்தோல்."

பாய் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். தாமோதரன் விடவில்லை.

"சரி மேடம். நம்ம புள்ளைங்களே ஃபாரின் போய், அங்கயே தங்கி பாட்டு போட்டா?"

"அது ஃபாரின் பேண்டுதான். ரெண்டு பக்கமும் ஒரே ரூல்."

"இதையே மைக்ல சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

சொன்னேன். பையர்கள்கூடக் கைதட்டினார்கள். அந்த முடிவில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஆளைப் பார்த்து ரூல் தேடாதீர்கள், தினமும் கையாளும் ரூலையே எடுங்கள். ஆனால் அது ஒருநாள் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டும் என்று தெரிந்தே எடுங்கள்.

3

எல்லாம் பேசி முடித்தாயிற்று, பேண்டைத்தான் காணவில்லை. ரூடி வேலூர் போய் மற்ற மூவரையும் ஜீப்பில் கூட்டி வர வேண்டும். மற்ற குழுக்கள் ஒவ்வொன்றாக வாசித்து இறங்கின. நான் கேட்டில் நின்று பெங்களூர் ரோட்டு லாரிகளின் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாமோதரன் பக்கத்தில் வந்து நின்று, "பேஜாராவாதீங்க மேடம், வந்துருவாங்க," என்றார். அவரும் மகளைப் பெற்றவர்தான்.

கடைசி குழு மேடையில் இருக்கும்போது ஜீப் வந்தது. ஷீலா முதலில் குதித்து இறங்கினாள்.

"எங்கடி போய்ட்டே?"

"டிரங்க் கால் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தோம்மா. ரூடி ஊர் சர்ச்சுல எங்கள ஒரு வருஷம் வரச் சொல்றாங்க. அங்கயே தங்கி புதுப் பாட்டு போடணுமாம். நாலு பேரும் சரின்னுட்டோம்."

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தாமோதரன் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"உங்கம்மா மைக்ல ஒரு ரூல் சொல்லிக்கீறாங்கம்மா," என்று ஆரம்பித்து, பச்சைத்தோலிலிருந்து கப்பல் வரை ஒன்று விடாமல் சொன்னார்.

ஷீலா கேட்டுவிட்டுச் சிரித்தாள். கீபோர்டைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"அப்ப இன்னிக்கு வரைக்கும்தான் நாங்க இந்தியன் பேண்டு. சீக்கிரம் எங்க பேரக் கூப்புடும்மா."