ரத்தம் குடித்த கல்

மகன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காக ஊரே தள்ளிவைத்த அம்மா அவர். தொண்ணூறுகளின் கடைசியில், ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு ஆடுகளுக்கு ஊசி போடப் போயிருந்தேன்.

"அந்த வூட்டுக்கு மட்டும் போவாதீங்க சார்" என்றார்கள். போனேன்.

கூரையில் பாதி ஓடுகள் நொறுங்கியிருந்தன. அவருடைய ஒரே ஆட்டின் முன்னங்காலை யாரோ கடப்பாரையால் அடித்து முறித்திருந்தார்கள். அவர் நெற்றியிலும் புருவம்வரை பிளந்து ஆறிய தழும்பு. கொல்லையில் உட்கார்ந்து மூங்கில் பத்தை வைத்து ஆட்டுக்குக் கட்டுப் போட்டேன். அவர் அம்மியில் மிளகாய் அரைத்து, அங்கே நட்டிருந்த ஒரு கல்லின்மேல் அப்பினார்.

"யாருக்குச் சாபம் விடுறீங்கம்மா?"

"சாபமில்ல சார். கோயிலுக்குள்ள என்னை வுடல. இது என் மண்டையப் பொளந்த கல்லு. கருப்பசாமிக்கு ரத்தந்தானே குடுக்குறோம்? இது எம் ரத்தத்தக் குடிச்சிருச்சு. அதான் சாமியா நட்டுட்டேன்."

"மொளகா எதுக்கு?"

"எரிஞ்சா தூங்காதுல்ல? ராத்திரில பயந்துகிட்டு முழிச்சிருக்கேன். கூட முழிச்சிருக்க எனக்கும் ஒரு ஆளு வேணும்ல?"

அந்நேரம் ஒரு கல் கூரையில் மோதி எங்கள் நடுவே விழுந்தது. ஆடு அலறியது. நான் சுவரோடு ஒண்டினேன். அவர் அந்தக் கல்லை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல ரத்தமில்ல. வெறுங்கல்லு" என்று வேலிக்கு வெளியே எறிந்தார்.

இப்போது எந்தக் கோயிலில் கைகூப்பினாலும் எனக்கு முதலில் வருவது ஒரே சந்தேகம்தான்: இந்தச் சாமி முழித்திருக்கிறதா?